கடைசி அரை நிமிடம்

அன்புள்ள சார்,

வணக்கம். உங்கள் கட்டுரைகளை ஆறு வருடமாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. இலக்கியக் கேள்வி இல்லை, அதற்கு மன்னிக்கவும்.

எனக்குப் பிடித்த பாப் பாடல்களிலும் அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் பாடல்களிலும் 25ஐத் தேர்ந்தெடுத்து, 25இல் தொடங்கி 1 வரை இறங்குவரிசையில் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். யாருக்கும் காட்ட இல்லை, எனக்காகத்தான். நான்கு மாதமாக வேலை நடக்கிறது. 4ஆம் இடம் வரை வந்துவிட்டேன். முதல் மூன்று இடங்களில்தான் சிக்கல். மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’, சாம் குக்கின் ‘எ சேஞ்ச் இஸ் கானா கம்’, ஓடிஸ் ரெடிங்கின் ‘டாக் ஆஃப் தி பே’. இந்த மூன்றும் தினமும் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. நீங்களாக இருந்தால் எதை முதலில் வைப்பீர்கள்?

இன்னொன்று. பீட்டில்ஸின் ‘ஹே ஜூட்’ 9ஆம் இடத்தில் இருக்கிறது, ரைட்டியஸ் பிரதர்ஸின் ‘யூ ஹாவ் லாஸ்ட் தட் லவ்வின் ஃபீலின்’ 7இல். வெள்ளைக்காரர்களின் பாப்பையும் சோலையும் ஒரே பட்டியலில் போடுவது எண்ணெயையும் தண்ணீரையும் கலக்கிற மாதிரி என்கிறார் என் நண்பர். சரியா? ஒரு பாடகருக்கு ஒரு பாட்டுதான் என்று விதி வைத்திருக்கிறேன், அது நியாயமா?

என் ஆங்கிலம் சுமார்தான். அதனால் எந்தப் பாட்டானாலும் முதலில் வரிகளை எடுத்துப் படித்து, பொருள் தெரிந்துகொண்டு, அப்புறம்தான் கேட்பேன். நேரம் குறைவு என்பதால் வரிகள் முடிந்ததும் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். கடைசி அரை நிமிடம் எப்படியும் ஒரே வரியைத்தானே திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள், அதுவும் சத்தம் குறைந்துகொண்டே போகும். இப்படிச் செய்தால் 25 பாட்டையும் ஒரு மணி நேரத்தில் கேட்டுவிட முடிகிறது.

அன்புடன்,
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருந்தன, ஒரு வாக்குமூலமும் இருந்தது. கேள்விகள் மட்டும் வந்திருந்தால் நாலு வரியில் பதில் போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். வரிகள் முடிந்ததும் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இரண்டு நாளாக மனதில் முள்ளாகக் கிடக்கிறது. பாட்டுகள் எப்படி முடிகின்றன என்று நானே ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு, பிறகு சொல்கிறேன். அந்த நேரம் பார்த்து நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் சில்லறையைத் தீர்த்துவிடுகிறேன்.

ஒரு பாடகருக்கு ஒரு பாட்டு என்ற விதியைத் தூக்கிப் போடுங்கள். இது சொத்துப் பிரிவினை இல்லை. அரீத்தா ஃபிராங்க்ளினுக்கு நான்கு இடம் கொடுத்தால் யாரும் உங்கள்மேல் வழக்குப் போட மாட்டார்கள்.

எது முதலிடம் என்ற கேள்வியில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை 2004இல் எல்லாக் காலத்துக்குமான 500 சிறந்த பாடல்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. பாப் டிலனின் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ முதலிடம், அரீத்தாவின் ‘ரெஸ்பெக்ட்’ ஐந்தாம் இடம். 2021இல் மறுபடி வாக்கெடுத்தார்கள், ‘ரெஸ்பெக்ட்’ முதலிடத்துக்கு வந்துவிட்டது. அந்த 17 வருடத்தில் இரண்டு பாட்டிலும் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ‘எல்லாக் காலத்துக்கும்’ என்பதன் ஆயுள் அவ்வளவுதான். ஆனால் இறங்குவரிசையின் சுகம் எனக்கும் தெரியும். 1970 ஜூலையில் கேசி கேசம் அமெரிக்க வானொலியில் 40இல் தொடங்கி ஒன்று வரை வாராவாரம் எண்ணிக்கொண்டு வர ஆரம்பித்தார், கேட்பவர்களால் நடுவில் எழுந்துபோக முடியவில்லை. முதலிடம் எது என்று தெரிவதற்காக மற்ற 39ஐயும் கேட்டார்கள். உங்களுக்கும் அந்த ருசிதான். தப்பே இல்லை.

பாப்பும் சோலும் ஒன்றாக வரலாமா என்றால், எண்ணெய் தண்ணீர் உவமை இங்கே எடுபடாது என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் என்ற சோல் இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ் குழு நான்கு பேர் கொண்டது. இரண்டு பேர் கறுப்பர், இரண்டு பேர் வெள்ளையர். நீங்கள் முதலிடத்துக்கு நிறுத்தியிருக்கும் ‘டாக் ஆஃப் தி பே’யை முதலில் கேட்டபோது ஸ்டாக்ஸ்காரர்களுக்கே தயக்கம், இது பாப் மாதிரி இருக்கிறதே என்று. ‘ஹே ஜூட்’ வெளிவந்த அதே 1968இல், அலபாமாவின் மஸில் ஷோல்ஸில் வில்சன் பிக்கெட் அதைப் பாடிப் பதிவு செய்தார். இந்தப் பாட்டைப் பாடுங்கள் என்று அவரிடம் சொன்னது டுவேன் ஆல்மன் என்ற வெள்ளைக்கார இளைஞர், அன்றைக்கு கிடார் வாசித்தவர். பீட்டில்ஸ் கூட்டமாக நா நா நா என்று பாடுகிற இடத்தில் பிக்கெட் தொண்டை கிழிய அலறுகிறார், ஆல்மனின் கிடார் அந்த அலறலோடு மல்லுக்கு நிற்கிறது. அதைக் கேட்ட பிறகும் இது பாப்பா சோலா என்று உங்கள் நண்பர் கேட்டால் விட்டுவிடுங்கள், அவரிடம் வேறு நல்ல குணங்கள் இருக்கும்.

ஆனால் நீங்கள் அந்த இடம் வரை கேட்டதே இல்லை, இல்லையா? ‘ஹே ஜூட்’ 7 நிமிடத்துக்கு மேல் ஓடுகிற பாட்டு. அதில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 4 நிமிடம், அந்த நா நா நாதான். உங்கள் முறைப்படி நீங்கள் கேட்டது பாட்டில் பாதிகூட இல்லை. பாதிக்கும் குறைவாகக் கேட்ட பாட்டுக்கு 9ஆம் இடம் கொடுத்திருக்கிறீர்கள். மீதியையும் கேட்டிருந்தால் எத்தனையாம் இடம் கொடுத்திருப்பீர்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சோல் இசை தேவாலயத்தில் பிறந்தது. சாம் குக் சோல் ஸ்டிரர்ஸ் என்ற பக்திப் பாடல் குழுவில் பாடிப் பேர் வாங்கியவர். அரீத்தாவின் அப்பா டெட்ராய்ட்டில் பெரிய பிரசங்கியார். ஆல் கிரீன் தொடர்ந்து வெற்றிப் பாடல்களாகக் கொடுத்துக்கொண்டிருந்த எழுபதுகளிலேயே மெம்ஃபிஸில் ஒரு தேவாலயத்துக்குப் போதகரானார். அந்தக் கறுப்பர் தேவாலயங்களில் பாட்டு எழுதின இடத்தில் முடியாது. சரணங்கள் எல்லாம் தீர்ந்த பிறகுதான் காரியமே ஆரம்பம். பாடுகிறவர் ஒரு வரியைப் பிடித்துக்கொள்வார். கூட்டம் அதைத் திருப்பிக் கொடுக்கும். அவர் கொஞ்சம் வளைத்துக் கொடுப்பார், அவர்கள் இன்னும் உரக்கத் திருப்பிக் கொடுப்பார்கள். யாராவது அழுது, யாராவது எழுந்து ஆடி, எல்லோரும் களைத்து உட்காரும்வரை போகும். எவ்வளவு நேரம் என்று யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை.

இதைக் கொண்டுவந்து நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றுகிற சின்ன இசைத்தட்டில் அடைக்க வேண்டும். வானொலிக்காரர்களுக்கோ 3 நிமிடத்துக்கு மேல் பொறுமை கிடையாது. பாடகர் அப்போதுதான் சூடு பிடித்திருப்பார், நேரம் முடிந்துவிட்டிருக்கும். நிறுத்தவும் மனசில்லை, நீட்டவும் இடமில்லை. அப்போது ஒலிப்பதிவாளரின் கை ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கும். இதைத்தான் ஃபேட் அவுட் என்கிறார்கள்.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். சத்தம் குறைவது நமக்கு மட்டும்தான். அந்த அறைக்குள் யாரும் மெதுவாகப் பாடவில்லை. டிரம்ஸ்காரர் அதே வேகத்தில் அடித்துக்கொண்டிருக்கிறார், பாடுகிறவர் அதற்கு முன் எங்குமே போகாத ஒரு உயரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார், கதவை மட்டும் யாரோ வெளியிலிருந்து சாத்துகிறார்கள். (கதவு என்று உவமைக்குச் சொன்னேன். ஹோல்ஸ்ட் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் நிஜமாகவே அதைச் செய்தார். கோள்களைப் பற்றிய அவருடைய படைப்பின் கடைசிப் பகுதியில், பக்கத்து அறையில் பெண்கள் பாடிக்கொண்டே இருக்க, கதவை ஓசையில்லாமல் மெல்லச் சாத்திக்கொண்டே வர வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். முதலில் அரங்கேறியது 1918இல். ஆனால் அது நம் பேச்சில்லை.) கதவு சாத்தும்போது, இடுக்கில் காதை வைத்துக் கேட்க வேண்டிய நேரத்தில், நீங்கள் கிளம்பிப் போய்விடுகிறீர்கள். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்களாம்! ஒரே வரிதான். ஒரே மாதிரிப் பாடுகிறார்களா என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா?

ரே சார்ல்ஸின் ‘வாட் ஐ சே’ எப்படிப் பிறந்தது தெரியுமா? 1958 கடைசியில் ஒரு நடன நிகழ்ச்சி. வைத்திருந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோயிற்று, நேரம் மிச்சம் இருக்கிறது. ரே சார்ல்ஸ் பியானோவில் ஏதோ ஒன்றை ஆரம்பித்து, நான் என்ன செய்தாலும் பின்னாலேயே வாருங்கள் என்று வாசிப்பவர்களிடமும் கோரஸ் பெண்களிடமும் சொல்லிவிட்டு, வாயில் வந்ததைப் பாடினார். நேரத்தை ஓட்டப் பாடினது. 1959இல் பதிவு செய்தபோது 6 நிமிடத்துக்கு மேல் வந்தது, இசைத்தட்டின் இரண்டு பக்கத்துக்கும் பிரித்துப் போட்டார்கள். அதன் உயிர் எங்கே இருக்கிறது? வார்த்தையே இல்லாமல், அவர் ஒரு முனகல் கொடுக்க, பெண்கள் அதே முனகலைத் திருப்பிக் கொடுக்கிறார்களே, அங்கே. சில வானொலிகள் அதை ஒலிபரப்ப மாட்டோம் என்று மறுத்தன. வார்த்தையில் குற்றம் கண்டுபிடித்தால் வெட்டிவிடலாம், முனகலை எப்படி வெட்டுவது? ஜேம்ஸ் பிரௌன் 1965இல் பாடிய ‘பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்’கும் அப்படித்தான். பாடியது ஏறக்குறைய 7 நிமிடம், கடைக்கு வந்தது இரண்டு பக்கமாகத் துண்டு போட்டது. முழுசாக வெளியில் வர 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

‘ரெஸ்பெக்ட்’ என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? அந்தச் சொல்லை அரீத்தா ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து அறைகிற இடம்தானே? அந்தப் பாட்டை எழுதி 1965இல் பாடியவர் ஓடிஸ் ரெடிங். அவர் பாடியதில் அந்த இடமே கிடையாது. 1967 பிப்ரவரி 14இல் அரீத்தா பதிவு செய்தபோது சேர்த்தது. பாட்டு மொத்தம் இரண்டரை நிமிடம்கூட வராது, அந்த இடம் வருவது கடைசி முக்கால் நிமிடத்துக்குள். எழுதின சரணமெல்லாம் முடிந்த பிறகு, பாட்டு மங்குவதற்கு முன். பின்னால் கோரஸ் பெண்கள் ஒரே சொற்றொடரை ஊசி மாதிரிக் குத்திக்கொண்டே இருப்பார்கள், அதுவும் மூலத்தில் இல்லாததுதான். அந்தப் பாட்டு ஓர் ஆணின் கையிலிருந்து பெண்ணின் கைக்கு மாறிய இடம் அந்த முக்கால் நிமிடம். அன்று அரீத்தாவும் உங்களைப் போல, எழுதினது முடிந்தது, நேரமாகிறது என்று கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பில் விதர்ஸ் 1971இல் ‘எய்ன்ட் நோ சன்ஷைன்’ பாடினபோது பெரிய பாடகர் இல்லை. விமானங்களுக்குக் கழிப்பறைப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆல்பத்தின் அட்டையில்கூட சாப்பாட்டுப் பெட்டியோடு தொழிற்சாலை வாசலில்தான் நிற்கிறார். பாட்டில் ஓரிடத்துக்கு வரி எழுதி முடிக்கவில்லை, பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று ‘ஐ நோ’ என்பதையே திரும்பத் திரும்பப் பாடி நிரப்பி வைத்தார். எண்ணினால் 26 தடவை. கூட வாசித்தவர்கள் அனுபவஸ்தர்கள், இதை இப்படியே விடு என்றார்கள். விட்டார். எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று ஒரு மனிதன் 26 தடவை சொன்னால், அவனுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை என்று அர்த்தம். எந்தச் சரணம் இதைச் சொல்லியிருக்கும்? (இது கடைசி அரை நிமிடத்தில் வரவில்லை, நடுவில் வருகிறது, பாட்டும் மங்கி மறைவதில்லை, சட்டென்று நிற்கிறது. தெரியும். என் கட்சிக்கு வசதியாக இருப்பதால் சேர்த்துக்கொள்கிறேன்.)

நான் சொல்ல வருவது இதுதான். பாடலாசிரியரின் சரக்கு தீர்ந்துபோகிற இடம் ஒன்று எல்லாப் பாட்டிலும் உண்டு. அதற்குப் பிறகு பாடுகிறவர் என்ன செய்கிறார் என்பதில்தான் சோல் இருக்கிறது. நீங்கள் வரிகளை அச்சில் படித்து, பொருள் பார்த்து, பொருள் தீர்ந்ததும் பாட்டு தீர்ந்தது என்று முடிவு கட்டுகிறீர்கள். ஆங்கிலம் சுமார் என்று அவ்வளவு கூச்சப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அட, அது உங்களுக்குக் கிடைத்த வசதி ஐயா! சொல் தெரியாதவனுக்குக் குரல் மட்டும்தான் கேட்கும். இந்தப் பாட்டுகளை முதலில் கேட்ட காலத்தில் என் ஆங்கிலமும் சுமார்தான். பாதிப் பாட்டுகளைத் தப்பும் தவறுமாகவே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். சரியான வரி தெரிந்தபோது பல இடங்களில் என்னுடையதே தேவலாம் என்றிருந்தது. முதலில் கேளுங்கள். பத்துத் தடவை கேட்ட பிறகு தேவைப்பட்டால் படியுங்கள்.

வெட்டுவதைப் பற்றி இன்னொன்று. உங்கள் மூன்றில் ஒன்றான சாம் குக் பாட்டு, 1963இல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஒரு விடுதியில் கறுப்பர் என்பதால் அவரைத் தங்கவிடாமல் திருப்பி அனுப்பியதன் சூட்டில் பிறந்தது. 1964 டிசம்பரில் அவர் சுடப்பட்டு இறந்து சில நாட்களில் சிங்கிளாக, அதாவது தனிச் சின்னத் தட்டாக வந்தது, அதுவும் வேறொரு பாட்டின் பின்பக்கத்தில். சிங்கிளுக்காக அதில் ஒரு சரணத்தை எடுத்துவிட்டார்கள். எந்தச் சரணம்? சினிமாவுக்குப் போனாலும் ஊருக்குள் போனாலும் இங்கே நிற்காதே என்று யாரோ விரட்டுகிறார்கள் என்று வருமே, அது. பாட்டில் நேரடியாகச் சுடுகிற சரணம் அதுதான். நேரத்துக்காக வெட்டுகிறவர்களின் கை எப்படியோ சரியாக அந்த மாதிரி இடத்துக்குத்தான் போகிறது. நீங்கள் வைத்திருப்பது எந்தப் பதிவு என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் சொந்தக் கதை.

எனக்கு 19 வயது இருக்கும். நெருங்கிய நண்பன் ஒருவன் எனக்கு ஒரு கேசட் பதிவு செய்து கொடுத்தான். 60 நிமிடக் கேசட், பக்கத்துக்கு 30 நிமிடம். அவனும் உங்களைப் போலப் பட்டியல் பைத்தியம். 20 பாட்டு, ஏ பக்கத்தில் 20இலிருந்து 11 வரை, பி பக்கத்தில் 10இலிருந்து 1 வரை. இசைத்தட்டுகள் அவன் மாமாவுடையவை. மாமா தன் தட்டுகளை யாரையும் தொட விடமாட்டார். அவர் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்துப் பதிவு செய்தான். ஒவ்வொரு தட்டின் லேபிளிலும் அச்சடித்திருந்த நேரத்தைப் பென்சிலில் எழுதி, பாட்டுக்கு நடுவே விடுகிற இடைவெளியையும் சேர்த்து, பி பக்கத்துக்கு மொத்தம் 29 நிமிடம் 50 நொடி என்று கூட்டி அட்டையில் எழுதியிருந்தான். 10 நொடி மிச்சம். கடைசிப் பாட்டு ஓடும்போது வாசலில் காவலுக்குப் போய் நின்றுகொண்டான்.

அந்தக் கடைசிப் பாட்டு, அவனுடைய முதலிடம், ‘டாக் ஆஃப் தி பே’. என் கேசட்டில் அது பல்லவியின் கடைசி வரி பாதியில் கடக் என்று நின்றுவிடும். கப்பல்துறையில் உட்கார்ந்து பொழுதைப் போக்குகிறேன் என்று சொல்ல வந்தவன் பொழுதோடு நின்றுவிடுவான். போக்கினானா இல்லையா தெரியாது.

எட்டு வருடம் அந்தப் பாட்டை அப்படித்தான் கேட்டேன். எத்தனை நூறு தடவை என்று கணக்கில்லை. நாடு நெடுக அலைந்து, எதுவும் கைகூடாமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட ஒருவன். எதுவும் மாறப்போவதில்லை என்கிறான், சொல்லிக்கொண்டே இருக்கும்போது கடக். இவ்வளவு துயரமான பாட்டு உலகத்திலேயே கிடையாது என்று நினைத்திருந்தேன். என் துயரங்களையும் கொண்டுபோய் அதில் ஏற்றி வைத்திருந்தேன், அந்த வயதில் அது சுலபம்.

பிறகு ஒரு நாள் வேறொருவரின் காரில் போய்க்கொண்டிருக்கிறேன், வானொலியில் அந்தப் பாட்டு. என் கேசட் நிற்கிற இடம் வந்தது, தாண்டியது. யாரோ சீட்டியடித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன், வெளியே யாரோ அடிக்கிறார்கள் என்று. ஓட்டிக்கொண்டிருந்தவர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பாட்டு முடியும்வரை எனக்குப் பேச வரவில்லை.

பாட்டை ஓடிஸோடு சேர்ந்து எழுதிய ஸ்டீவ் க்ராப்பர் அந்தச் சீட்டியின் கதையைச் சொல்லியிருக்கிறார். பாட்டு மங்கும்போது சும்மா பேசுகிற மாதிரி ஏதோ பாட வேண்டும் என்று ஓடிஸ் நினைத்து வைத்திருந்தாராம். அந்த இடம் வந்ததும் மறந்துவிட்டது. சீட்டியடித்துவிட்டார். 1967 டிசம்பர் 7 வரை அந்தப் பாட்டுக்கு வேலை செய்தார்கள். 10ஆம் தேதி விஸ்கான்சினில் மனோனா ஏரியில் விமானம் விழுந்து ஓடிஸ் இறந்தார், வயது 26. கூட வந்த இசைக்காரர்களில் பென் காலி ஒருவர் மட்டும் பிழைத்தார். அலை ஓசையையும் கடற்பறவைகளின் சத்தத்தையும் க்ராப்பர் சேர்த்து முடித்தார். 1968 மார்ச்சில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் போயிற்று. பாடியவர் இறந்த பிறகு அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் பாட்டு அதுதான்.

வரிகளை மட்டும் படித்தால் அது தோற்றுப்போனவன் பாட்டு. உங்கள் முறையில் கேட்டாலும் அப்படித்தான், என் கேசட்டிலும் அப்படித்தான். ஆனால் தோற்றவன் இப்படிச் சீட்டியடிக்க மாட்டான். அவசரமில்லாத சீட்டி. அங்கே உட்கார்ந்திருப்பது அவனுக்குப் பிடித்திருக்கிறது ஐயா. எழுந்துபோகச் சொன்னால்தான் வருத்தப்படுவான். முன்னால் பாடின அத்தனை வரிகளையும் அந்தக் கடைசி அரை நிமிடம் திருப்பிப் போட்டுவிடுகிறது. நான் எட்டு வருடம் தப்பான பாட்டுக்கு அழுதிருக்கிறேன்.

நண்பனிடம் போய்ச் சண்டை போட்டேன். உனக்குக் கூட்டல் தெரியாது என்றேன். என் கணக்கு சரி என்று அவன் சாதித்தான். அட்டையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கூட்டிப் பார்த்தோம். 29 நிமிடம் 50 நொடிதான் வந்தது. அப்படியானால் கேசட்டில் கோளாறு என்றான் அவன், இல்லை உன்னிடம்தான் என்றேன் நான். இருபது வருடத்துக்கு மேல் இந்தக் கதையை எல்லோரிடமும் சொல்லி அவனைக் கிண்டல் செய்திருக்கிறேன். கணக்குத் தெரியாத ஒருவனால் ஓடிஸ் ரெடிங்கின் சீட்டியை இழந்தவன் நான் என்று.

போன மாதம் பழைய பெட்டி ஒன்றைக் குடைந்தபோது அந்த அட்டை கிடைத்தது. பென்சில் எழுத்து மங்கியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. பி பக்கம், நான்காவது பாட்டு: ரைட்டியஸ் பிரதர்ஸ், ‘யூ ஹாவ் லாஸ்ட் தட் லவ்வின் ஃபீலின்’, 3:05.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் இடைப்பட்ட காலத்தில் அந்தப் பாட்டைப் பற்றி நான் ஒன்று படித்திருந்தேன். 1964இல் அதைத் தயாரித்தவர் ஃபில் ஸ்பெக்டர். பாட்டு 3 நிமிடம் 45 நொடி ஓடும். அவ்வளவு நீளம் என்று தெரிந்தால் வானொலியில் போட மாட்டார்கள் என்று, லேபிளில் 3:05 என்று அச்சடிக்க வைத்தார். சுத்தப் பொய். ஒலிபரப்பியவர்கள் ஏமாந்தார்கள், பாட்டு முதலிடம் போயிற்று. அந்த 40 நொடிப் பொய் அப்படியே லேபிளிலிருந்து என் நண்பனின் பென்சிலுக்கு இறங்கி, பி பக்கத்துக்குள் நுழைந்து, வரிசையில் கடைசியாக நின்றிருந்த ஓடிஸை வெளியே தள்ளிவிட்டது. 29 நிமிடம் 50 நொடியோடு 40ஐக் கூட்டுங்கள். 30 நிமிடம் 30 நொடி. கேசட் 30 நிமிடம். போனது கடைசி அரை நிமிடம்.

உங்கள் பட்டியலில் 7ஆம் இடத்தில் இருப்பது அதே பாட்டுதான். இன்றைக்கு அதைக் கடிகாரம் வைத்துக் கேளுங்கள், முழுசாக. முதலிடமா? ‘டாக் ஆஃப் தி பே’ என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டி வரை கேட்கப் பொறுமை இல்லையென்றால் மார்வின் கேயை வையுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நண்பனுக்கு அன்று இரவே போன் செய்தேன். “டேய், உன் கணக்கு சரிதான்டா” என்றேன். எந்தக் கணக்கு என்றான். ஸ்பெக்டர் கதையைச் சொன்னேன், 40 நொடியைச் சொன்னேன், இத்தனை வருடக் கிண்டலுக்கும் மன்னிப்புக் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. எனக்குக் கலக்கமாகிவிட்டது. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

“நீ இதை எங்கேயாவது எழுதி வெச்சிடாதே. மாமா பக்கத்து ரூம்லதான் இருக்கார். தட்டைத் தொட்டது அவருக்கு இன்னும் தெரியாது.”